பொதுச்சுவர்

பாப்பாவுக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்தது. ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய பேச்சைக் கொண்டுபோனபோது அந்தப் பெயரையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பாப்பா என்றால் திரும்புவாள். அவள் தம்பி அவளைப் பாப்பா என்றான். தெருவில் அவளுக்குப் பின்னால் பிறந்து கல்யாணமாகிப் போனவர்கள்கூட, ஊருக்கு வந்தால் "பாப்பா எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

கையைப் பிடித்தால் நடப்பாள். ஊட்டினால் சாப்பிடுவாள். துவைத்த துணியை மடியில் வைத்தால் நீவி நீவி மடிப்பாள். மடித்ததை உதறிவிட்டு மறுபடி மடிப்பாள். அவளால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, சாயங்காலம் தவிர.

வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் கட்டிலில் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு சத்தம் போடுவாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "ஓ...ய்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு. கொஞ்சம் நிறுத்துவாள். மறுபடி "ஓ...ய்." விளக்கு வைத்துச் சோறு வடித்து முடிக்கும்வரை அது நடக்கும். பிறகு தானாக அடங்கிவிடும்.

அவளுடைய அப்பாவுக்கு இது பெரிதாகக் கேட்காது. வாலிபம் முழுவதையும் மில்லில் தறிகளுக்கு நடுவே கழித்த மனிதர். வேலையை விட்டு வரும்போது காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். தனக்குக் கேட்காததால் உலகத்துக்கும் கேட்காது என்ற எண்ணத்தில் கத்தித்தான் பேசுவார்; உப்பு கேட்டால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். தெருவில் அவருக்கு மில்லுக்காரர் என்று பெயர். அவர் மனைவிதான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காது. பால் பொங்குவது, கதவு தட்டுவது, பாப்பா புரண்டு படுப்பது எல்லாம் அவளுக்குக் கேட்டாக வேண்டும்.

வரிசை வீடுகள் அவை. ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். அவர்களுக்கு இடப்பக்கம் வீட்டுச் சொந்தக்காரரின் சரக்கு அறை. வலப்பக்கம் கடைசி வீடு. அதில் ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள். அவனுக்கு மருந்துக் கடையில் வேலை, அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு பெண் குழந்தை. நடக்கிறது, ஓடுகிறது, வாசல் மண்ணையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிறது. பேச்சு மட்டும் வரவில்லை.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் நர்ஸ் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. என்ன நின்னுட்டே?" என்றாள் பாப்பாவின் அம்மா.

"இல்லம்மா, குழந்தை தூங்குது. எழுந்துட்டா தேடுவா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க."

பாப்பாவின் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இப்படி ஆரம்பிக்கிற பேச்சை அவள் எத்தனையோ வாசலில் கேட்டவள்.

"சாயங்காலம் அவ கத்தறது தானே?"

"குழந்தைக்கு இன்னும் ஒரு வார்த்தை வரலம்மா. டாக்டர்கிட்ட காட்டினோம். காதுல கோளாறு இல்ல, நீங்க நெறைய பேசுங்க, வீட்ட அமைதியா வெச்சுக்கோங்கன்னு சொல்றார். இவளானா பேச மாட்டேங்கறா, கத்தறா. பாப்பா மாதிரியே கத்தறா. என் மாமியார் வந்தா அதையே சொல்லிக் காட்டறாங்க. நான் என்ன செய்யட்டும்?" நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ ஏன்மா அழறே? அழ வேண்டியவ நான்," என்றாள் பாப்பாவின் அம்மா. அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியை நல்ல வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர். "உங்கள நான் போகச் சொல்லல. ஆனா கடைசி வீட்டுல யாரும் தங்க மாட்டேங்கறாங்களே, நான் என்ன பண்றது? நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனார்.

வழியைச் சொன்னவன் மகன். வேறு ஊரில் கட்டிட சாமான் கடையில் வேலை பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை வந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தான்.

"அப்பா, ரெண்டே வழிதான் இருக்கு. ஒண்ணு, அவள ஒரு ஹோம்ல சேத்துடலாம்."

"எங்க?"

"ஹோம்! ஹோம்!"

"நாம ஹோம்லதானடா இருக்கோம்."

"ஐயோ. இந்த மாதிரி ஆளுங்கள பாத்துக்கற இல்லம்பா."

மில்லுக்காரர் பாப்பாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டாவது வழி என்ன?" என்றார்.

"அவ ரூம அடைச்சிடறது. சுவர், தரை, கூரை எல்லாத்துலயும் உள்பக்கமா பஞ்சு வெச்சுப் பலகை அடிச்சிட்டா சத்தம் வெளிய போகாது. சூடும் இறங்காது. எங்க கடையில சாமான் எடுக்கற ஆள் ஒருத்தர் இருக்கார். செலவ நான் பாத்துக்கறேன்."

பாப்பாவின் அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "அவள பெட்டிக்குள்ள வெச்சு மூடப் போறீங்களா?"

"அம்மா, அப்படிப் பேசாதே. ஏசி தியேட்டர் மாதிரி இருக்கும்."

"தியேட்டர்ல படம் முடிஞ்சா கதவத் தெறந்து விடுவாங்கடா."

"பின்ன ஹோம்ல விடலாமா? சொல்லு. நீயும் அப்பாவும் இன்னும் எத்தனை நாளைக்கு அவளத் தூக்கிக் குளிப்பாட்டுவீங்க?"

மில்லுக்காரர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "ஆளை வரச் சொல்லு. அவ நம்ம வீட்டுலயே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். தெரு முழுவதற்கும் கேட்டது.

வந்தவருக்குப் பஞ்சுக்காரர் என்று பெயர். மெத்தைப் பஞ்சு இல்லை. கல்லை உருக்கி நூலாக இழுத்துச் செய்கிற பஞ்சு, கட்டி கட்டியாகப் பிளாஸ்டிக் உறையில் வரும். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஒரு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் அரிக்கும். அவரோடு அவர் மனைவியின் தம்பி வந்தான். கை உயர்த்தினால் கூரை எட்டும் உயரம். அவன் பெயர் நெட்டை. மாமனும் மச்சானும் வேலை நேரம் முழுவதும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருந்தார்கள். அதுதான் அவர்களுக்குள் பிரியம் என்று போகப் போகத் தெரிந்தது.

முதல் நாள் அறையைக் காலி செய்தார்கள். பாப்பாவைக் கூடத்துக்கு அழைத்துவந்து பாயில் உட்கார வைத்தாள் அம்மா. வீட்டுச் சாமானெல்லாம் இடம் மாறியதில் அவள் மிரண்டு சுவரைத் தேடினாள். அப்புறம் உள்ளே டிரில் ஓடும் சத்தம் கேட்டதும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஓ...ய்" என்றாள்.

"என்னம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான் நெட்டை, கம்பியைப் பிடித்து நின்றவாறே.

பாப்பா சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஓ...ய்."

"சொல்லும்மா, காதுல விழுது. மச்சான், நீ கூப்பிட்டா நான் இவ்வளவு மரியாதையா பதில் சொல்றேனா பாரு."

"நீ பதில் சொன்னது போதும், அந்தக் கம்பிய நேரா பிடி. கோணலா போச்சுன்னா பலகை எம் மூஞ்சி மாதிரி நிக்கும்," என்றார் பஞ்சுக்காரர்.

"அப்ப நேராவே பிடிக்கறேன். இந்த வீட்டுல பாவம், ரெண்டு மூஞ்சி தாங்காது."

வெயில் கொளுத்தியது. முழுக்கைச் சட்டை, மூக்கைச் சுற்றித் துணி, தலையில் துண்டு. அந்தக் கோலத்தில் அவர்கள் அந்தச் சின்ன அறைக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். சுவரிலிருந்து விரல்கடை தள்ளித் தகரச் சட்டங்களை நிறுத்தினார்கள். சட்டம் சுவரைத் தொடும் இடத்திலெல்லாம் ரப்பர் துண்டு. பஞ்சுக் கட்டியை நீளமான கத்தியால் ரொட்டி அறுப்பது போல் அறுத்து, சட்டத்துக்கு நடுவே இடைவெளி இல்லாமல் செருகினார்கள். அமுக்கித் திணிக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. அதன்மேல் ஜிப்சம் பலகை, அதன்மேல் இன்னொரு பலகை. தரையில் தடித்த ரப்பர் விரிப்பு விரித்து அதன்மேல் மரப்பலகை. கூரைக்கு நெட்டையே ஏணி.

"ஊசி ஓட்டை இருந்தாப் போதும்மா, தண்ணி மாதிரி கசிஞ்சிடும் சத்தம்," என்று சொல்லிக்கொண்டே பஞ்சுக்காரர் சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால்கூட விரலை விட்டுப் பசை அடைத்தார். காற்றுக்கு மட்டும் வளைந்து வளைந்து போகும் ஒரு குழாய் வைத்தார். சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கனமான கதவில், உள்ளே பார்க்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி.

மத்தியானம் வாசல் குழாயடியில் நின்று பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்வார்கள், தேய்த்தால் பஞ்சு நூல் தோலில் ஏறிவிடும் என்று தேய்க்காமல். பிறகு வந்து கூடத்தில் உட்கார்ந்து பாப்பாவின் அம்மா போட்ட சோற்றைச் சாப்பிடுவார்கள். கொண்டுவந்த டப்பாவைத் திறக்க அவள் விடவில்லை.

"இவளுக்கு ஊட்டிட்டு நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?" என்று பஞ்சுக்காரர் கேட்டார்.

"அவ வயிறு நெறைஞ்சா எனக்குப் பசி போயிடும்."

"ஐயாவுக்கு?"

"அவருக்குப் பசின்னா ஊருக்கே தெரியுமே."

மில்லுக்காரர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே கூடச் சிரித்தார். அந்த நாலைந்து நாளும் பாப்பா பகலெல்லாம் கூப்பிட்டாள், நெட்டை பகலெல்லாம் பதில் சொன்னான். சாயங்காலம் அவர்கள் போனபின் அவள் களைத்துத் தூங்கிப்போனாள். வீட்டில் கல்யாணம் நடப்பது போல் இருந்தது என்று பின்னால் அம்மா சொன்னாள்.

வேலை முடிந்த அன்று பஞ்சுக்காரர் உள்ளே ரேடியோவை முழுக்கத் திருகி வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். சாத்தியதும் பாட்டு அறுந்தது. அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"ஐயா, கேக்குதா?"

"எனக்கு முன்னாடியே கேக்கல," என்றார் மில்லுக்காரர்.

நெட்டை விழுந்து விழுந்து சிரித்தான். பாப்பாவின் அம்மா சிரிக்கவில்லை. அவள் மட்டும் உள்ளே போய், ரேடியோவை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்த்தாள். குளுமையாகத்தான் இருந்தது. தெரு இல்லை, காக்கை இல்லை, அடுத்த வீட்டுப் பாத்திரம் இல்லை. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. இருமிப் பார்த்தாள். இருமல் வாயை விட்டு விழுந்த இடத்திலேயே கிடந்தது. சட்டென்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா, நல்லா இருக்கா?" என்றார் பஞ்சுக்காரர்.

"வேலை சுத்தமா இருக்குப்பா," என்றாள்.

அன்று சாயங்காலம் பாப்பாவை அவள் கட்டிலில் உட்கார வைத்தார்கள். வெளிச்சம் மங்கியது. அம்மா கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாப்பாவின் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் இல்லை. மூடி, காத்திருந்தாள். தலையை வலப்பக்கச் சுவரில் சாய்த்துக் கேட்டாள். மறுபடி வாய் திறந்தாள். மறுபடி தலையைச் சாய்த்தாள்.

கண்ணாடி வழியாக அதைப் பார்க்க அம்மாவால் முடியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள். "என்னடி? அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். பாப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்வையெல்லாம் சுவரில் இருந்தது.

மறுநாள் காலை நர்ஸ் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பாப்பாவின் அம்மாவுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சத்தம் இல்லம்மா. ரொம்ப நன்றி." சொல்லிவிட்டு வேறு என்னவோ சொல்ல வந்தவள் போல நின்றாள். குடம் நிரம்பி வழிந்தது. தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சில நாளில் பாப்பா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மில்லுக்காரர் அதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா, அவளுக்கே அமைதி புடிச்சிருக்கு" என்றார். பிறகு துணி மடிப்பது நின்றது. மடியில் வைத்த துணி வைத்தபடி கிடந்தது. பிறகு சாப்பாடு. சோற்றை வாய்க்குள் வைத்தால் மெல்லாமல் வைத்திருப்பாள். அம்மா கன்னத்தைத் தடவித் தடவி, "முழுங்குடி, முழுங்கு கண்ணு" என்று கெஞ்சுவாள். ஒரு ஓரமாக வழிந்துவிடும். கஞ்சியாக்கிக் கொடுத்தாள், பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தாள். டாக்டர் வந்து பார்த்துச் சத்து மாத்திரை எழுதினார். வயசாகுதில்லையா, என்றார்.

மழை பிடித்தது. முன்பெல்லாம் சன்னல் தகரத்தில் மழை விழுந்தால் பாப்பா இரண்டு கையாலும் தொடையைத் தட்டுவாள். இப்போது இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே மழை ஊமையாக வழிந்தது. பாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூடத்துக்கு அழைத்துவந்தால் நடுங்கினாள். அறைக்கே போக வேண்டும் என்று கையை இழுத்தாள். கதவைத் திறந்தே போட்டுப் பார்த்தார்கள். அவள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா தன் படுக்கையை அந்த அறைக்கே கொண்டுபோய்விட்டாள்.

"ஏங்க, அவ எதையோ எதிர்பாக்கறா," என்று கணவர் காதுக்கருகில் குனிந்து சொன்னாள்.

"எத?"

"தெரியலையே. தெரிஞ்சா ஓடிப்போய் வாங்கிட்டு வந்துட மாட்டேனா?"

மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் கடைசி வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. பீரோ, கட்டில், குழந்தையின் மூன்று சக்கர வண்டி எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. நர்ஸ் ஒரு டப்பா நிறைய பிஸ்கட்டோடு வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது.

"அவருக்கு வேற ஊர்க் கடையில வேலை கெடைச்சிருக்கும்மா. மாமியார் வீட்டுக்குப் பக்கம். திடீர்னு முடிவாச்சு."

"போயிட்டு வா தாயி. குழந்தை பேசிடுவா, கவலைப்படாதே."

நர்ஸ் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "பேசறாம்மா. ஒரு வார்த்தை வந்துடுச்சு" என்றாள்.

"அம்மாவா, அப்பாவா?"

"பாப்பா."

பாப்பாவின் அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"உங்க பொண்ணு கூப்பிடுவாங்க இல்ல சாயங்காலம், உடனே இவ ஓடிப்போய் சுவத்துல கைய வெச்சு 'ஓய்'னு கத்துவா. அவங்க மறுபடி கூப்பிடுவாங்க. இவ மறுபடி. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி. நடக்க ஆரம்பிச்சதுலேருந்து இப்படித்தான். பேசாம இதையே பழகிடப் போறாளேன்னு பயந்து நான் வாயப் பொத்துவேன். கைய உதறிட்டு ஓடுவா." நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க ரூம அடைச்சப்புறமும் தினம் போய் சுவத்தைத் தட்டினா. தட்டித் தட்டிப் பாத்துட்டு ஒருநா என்கிட்ட வந்து கேட்டா, 'பாப்பா?'ன்னு. அதான் மொத வார்த்தை. அன்னிக்கு நான் சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியாம உக்காந்திருந்தேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

பாப்பாவின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் எல்லாவற்றையும் கேட்ட அந்தக் காதுக்கு, மகளின் கூப்பாட்டுக்கு நடுவே அந்தப் பிஞ்சுக் குரல் எப்படிக் கேட்காமல் போனது? அந்த நேரத்தில் அவள் எப்போதும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு முன் நிற்பாள். மகளின் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ள கூட்டிட்டு வாம்மா," என்று நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அறைக்குள் போனார்கள். பாப்பா சுவர் பக்கம் திரும்பிக் கிடந்தாள். அம்மா அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். கட்டையாக வெட்டிய நரைத்த தலை, ஒட்டிய கன்னம், வாயோரம் காய்ந்த கஞ்சி. குழந்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நர்ஸின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பாரு, பாப்பாடி. நீ கேப்பியே, பாப்பா இவங்கதான். ஓய் சொல்லு."

குழந்தை இன்னும் இறுக்கிக்கொண்டு வீரிட்டது. பாப்பாவும் குழந்தையைப் பார்த்தாள். தெருவில் போகிற யாரையோ பார்ப்பது போலத்தான் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சரிந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அறைக் கதவு திறந்திருந்ததால் அது கேட்டது.

மில்லுக்காரரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வெகுநேரம் பிடித்தது. காதுக்குள் கத்தினாள், கையால் காட்டினாள். புரிந்ததும் அவர் எழுந்து போய் அறைச் சுவரை உள்ளங்கையால் தட்டினார். பலகை பொத்தென்றது.

"இந்தப் பக்கத்த மட்டும் பிரிச்சிடச் சொல்லு," என்றார்.

"அங்கதான் இப்ப யாருமே இல்லையே."

"யாரும் இல்லாட்டி என்ன? நாளைக்கு யாராவது வருவாங்க. பிரிக்கச் சொல்லு."

பஞ்சுக்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பிரிக்கறது புதுசில்லம்மா. கரையான் வந்தது, ஈரம் எறங்கினதுன்னு எவ்வளவோ பிரிச்சிருக்கேன். ஒரு கோளாறும் இல்லாத வேலைய இன்னிக்குத்தான் மொத தடவையா பிரிக்கறேன்." திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நெட்டை பலகையைத் தாங்கினான். மாமனும் மச்சானும் அன்றைக்கு ஒருவரை ஒருவர் திட்டவில்லை. பஞ்சை அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, "ஓட்டைய பூசித் தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம்ப்பா. எதையும் அடைக்க வேணாம்," என்றாள் பாப்பாவின் அம்மா.

பழைய சுவர் வெளியே வந்தது. வரிசை வரிசையாகத் துளைகள், பழுப்பேறிய சுண்ணாம்பு, கட்டில் உயரத்தில் பாப்பாவின் தலை பட்டுப் பட்டு மினுக்கேறிய ஒரு வட்டம். பாப்பா கையை நீட்டி அதைத் தொட்டாள். நகர்ந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"ஓ...ய்."

குரல் கம்மியிருந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். அடுத்த வீட்டில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. மறுபடி கூப்பிட்டாள். நெட்டை சாக்கைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா, சொல்லும்மா" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு வேண்டியது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நெட்டை சாக்கைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

அன்று அவள் வாய்க்குள் வைத்த சோறும் வெளியே வந்தது. மறுநாளும் அப்படியே. மூன்று வாய் பால் இறங்கியதே பெரிது.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் மில்லுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் போனார். அவர் என்ன கேட்டார் என்பதைத் தெருவே கேட்டது.

"கடைசி வீட்டுச் சாவி கொஞ்சம் குடுங்க!"

"எதுக்கு ஐயா?"

"எம் பொண்ணுகிட்ட பேசணும்!"

சொந்தக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தார். "புதுசா ஆள் வர்ற வரைக்கும் வெச்சுக்கோங்க" என்றார்.

பாப்பாவின் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா சுவரில் தலை வைத்திருந்தாள். கூப்பிடவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.

"பாப்பா!"

பாப்பாவின் தலை நிமிர்ந்தது.

"பாப்பா, நான்தான், அப்பா பேசறேன்!" தறிகளுக்கு மேலாகப் பேசிப் பழகிய குரல், செங்கல்லைத் தாண்டி வந்தது. "கேக்குதா? எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. இங்க ஒண்ணும் இல்ல பாப்பா. வீடு காலியா கெடக்கு. ஒரு ஆணி இருக்கு. காலண்டர் மாட்டியிருந்த எடம் மட்டும் வெள்ளையா இருக்கு. மூலையில ஒரு சின்னச் செருப்பு, ஒத்தச் செருப்பு, விட்டுட்டுப் போயிட்டாங்க. மழை விட்டுடுச்சு. சன்னல்ல ஒரு எறும்பு வரிசை போகுது..."

வீட்டுக்குள் அவர் மகளிடம் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று மனைவியிடம் கேட்பதோடு சரி.

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். பாப்பா உள்ளங்கை இரண்டையும் சுவரில் வைத்தாள்.

"ஓ...ய்."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. பாப்பா தலையைச் சாய்த்தாள். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவருக்குக் கேட்டிருக்காது, கேட்கவே கேட்காது. ஓடிப்போய்ச் சொல்ல எழுந்தாள்.

"...கரப்பான் ஒண்ணு இருக்கு பாப்பா, மல்லாந்து கெடக்கு," என்று அவர் தொடர்ந்தார்.

பாப்பா சிரித்தாள். மறுபடி கூப்பிட்டாள். அவர் பாட்டுக்குக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட, அவர் பேச, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், ஆனால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அம்மா கரண்டியை நீட்டினாள். பாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து, வாங்கி, விழுங்கினாள்.

கிண்ணத்தில் பாதி இறங்கியதும் அம்மா எழுந்து கடைசி வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. வெறும் அறையில் மில்லுக்காரர் சுவரை ஒட்டி நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவருக்குத் தாழ்த்தத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அவளுக்குக் கேக்குதா?"

அவள் அவர் காதருகே போனாள். "கேக்குது. பதில் சொல்றா."

"சொல்றாளா?" அவர் காதைச் சுவரில் வைத்துப் பார்த்தார். நல்ல காது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த காதை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எடுத்துவிட்டார்.

"சாப்பிட்டாளா?"

"பாதி."

"சரி, நீ போ. அவ தனியா இருப்பா. மீதியையும் குடுத்துடு."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது தெரிந்தது. சொல்வதற்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. அவள் வாசற்படி இறங்கும்போது மறுபடி குரல் எழுந்தது. "பாப்பா! இங்க இப்ப இருட்டிடுச்சு."